பிளாப்பியில் மனை இல்லை

என் மைத்துனர் குடியிருக்கும் அடுக்ககத்தில் பழைய கணக்கு ஒன்றைக் கிளறிவிட்டார்கள். 2003இல் ஆழ்துளைக் கிணறு போட்டபோது பங்குத் தொகையைக் கொடுத்தது யார், கொடுக்காதது யார் என்று சண்டை. கணக்கு பிளாப்பியில் இருக்கிறதாம். ரப்பர் பேண்ட் போட்ட பதினோரு பிளாப்பிகளோடும் புதிதாக வாங்கிய யுஎஸ்பி பிளாப்பி டிரைவோடும் போன ஞாயிற்றுக்கிழமை, காபி நேரத்துக்கு முன்பே வந்து இறங்கிவிட்டார்.

பிளாப்பியோடு நான் மல்லுக்கட்டிய கதை அவருக்குத் தெரியும். 2001இல் ஓர் ஆடிட்டர் ஆபீசில் எனக்கு வேலை. ஒரு மில்லின் சம்பளப் பட்டியல் எக்செல் பைலாக 780 கேபி இருந்தது. அதைப் பிளாப்பியில் காப்பி செய்து, அங்கேயே திறந்து, ஒரே ஓர் எண்ணைத் திருத்திச் சேவ் கொடுத்தேன். டிஸ்க் நிரம்பிவிட்டது என்றது. பிளாப்பியில் வேறு எதுவும் இல்லை. நாலைந்து வரிகளை அழித்தேன், பைல் பெயரைச் சுருக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. இரவு ஒன்பதரை மணி. சம்பளம் மறுநாள்.

கம்ப்யூட்டர் சர்வீசுக்கு வரும் அண்ணனுக்குப் போன் போட்டேன். சிரித்தார். "தம்பி, எக்செல் பழைய வீட்டை இடிச்சுட்டுப் புது வீடு கட்டாது. பக்கத்துல புதுசைக் கட்டி முடிச்ச பிறகுதான் பழசை இடிக்கும். உன் பிளாப்பியில அதுக்கு மனை இல்லை."

விஷயம் அவ்வளவுதான். சேவ் கொடுத்ததும் எக்செல் அதே டிஸ்கில் ஒரு தற்காலிக பைலை முழுசாக எழுதுகிறது. எழுதி முடித்தால்தான் பழையதை நீக்கிவிட்டு அதன் பெயரைப் புதியதற்கு வைக்கும். பாதியில் கரண்ட் போனாலும் பழையது பிழைக்கட்டும் என்ற நல்லெண்ணம். ஆனால் 1.44 எம்பி என்று அச்சடித்த பிளாப்பியில் நமக்குக் கிடைப்பது 14,57,664 பைட், அதாவது 1,423 கேபி சொச்சம். 780ஐ இரண்டு தடவை வைக்க முடியாது. சில சமயம் தோற்றுப்போன தற்காலிக பைல், எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பெயரோடு அங்கேயே உட்கார்ந்து மிச்ச இடத்தையும் தின்னும். அதனால் ஹார்ட் டிஸ்கில் வைத்துத் திருத்தி, மூடிவிட்டுக் காப்பி செய்ய வேண்டும். பைல் திறந்திருக்கும்போது பிளாப்பியை உருவி வேறொன்றைச் செருகுவது அதைவிடப் பெரிய பாவம், இரண்டுமே குழம்பிவிடும்.

மற்ற வியாதிகள் எளியவை. மூலைத் தாழ்ப்பாள் நகர்ந்து ஓட்டை திறந்திருந்தால் எழுத முடியாது. பாட்டு கேசட்டின் காதை உடைத்து வைப்போமே, அதே ஏற்பாடு. எங்கள் ஆபீஸ் டிரைவின் தலை கொஞ்சம் விலகியிருந்தது. அதில் எழுதியதை அது மட்டுமே படிக்கும். மில்லில் போட்டால், பார்மேட் செய்யட்டுமா என்று பணிவாகக் கேட்கும். அங்கிருந்த குமாஸ்தா ஒருமுறை 'சரி' என்று சொல்லிவிட்டார். 2011இல் சோனி பிளாப்பி விற்பனையை நிறுத்தியபோது நான் துக்கம் கொண்டாடவில்லை.

மைத்துனர் கொண்டுவந்ததில் நான்கில் பூஞ்சணம். தகரக் கதவை நகர்த்தினால் வட்டின்மேல் சாம்பல் திட்டுகள். அவற்றை டிரைவில் போடவிடவில்லை. தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்ததையும் கெடுக்கும். ஏழாவதாகப் போட்ட பிளாப்பி கரகரவென்று யோசித்துவிட்டுக் கிணற்றுக் கணக்கைக் காட்டியது. 900 கேபி. நாற்பது வீட்டுக் கணக்குக்கு இத்தனை ஏன் என்று பார்த்தால், யாரோ புண்ணியவான் ஆயிரக்கணக்கான காலி வரிகளுக்கும் கட்டமும் மஞ்சளும் போட்டு வைத்திருக்கிறார்.

"மச்சான், முதல்ல ஹார்ட் டிஸ்க்ல காப்பி பண்ணிக்குவோம்" என்று சொல்லிவிட்டுக் காபி எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவர் திரையருகே குனிந்திருந்தார். அவர் வீட்டு எண்ணுக்கு எதிரே 2,500 என்று புதிதாக ஒரு தொகை. சேவ் கொடுத்துக்கொண்டிருந்தார். டிஸ்க் நிரம்பிவிட்டதாம்.