முழந்தாளின் தடம்



இறந்தோருக்காகச் சிறப்பாக மன்றாடும் மாதம் இது. கல்லறைத் திருநாளன்று சிலுவைகளுக்கு வெள்ளையடித்து, மாலை சூட்டி, மெழுகுதிரி ஏற்றினோம். முன்னோர்க்கு நாம் ஆற்றும் கடமை அத்துடன் தீர்ந்ததா? இவ்வினா நம் உள்ளத்தை உறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு.

சென்ற ஆண்டு நம் பங்கில் முதியவர் ஒருவர் நோயில்பூசுதலும் நற்கருணையும் பெற்று அமைதியாக இறைவனடி சேர்ந்தார். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும் புதல்வர் மூவரும் நம்மை நடுவராக இருத்திச் சொத்தைப் பங்கிட்டனர். வீடு, தென்னந்தோப்பு, தாயாரின் சங்கிலி ஈறாக அனைத்தும் மனத்தாங்கலின்றிப் பிரிந்தன. தந்தையின் நினைவாக ஆலயத்திற்குக் குழல்விளக்குகள் தருவதென்றும் முடிவாயிற்று. நாமும் மகிழ்ந்தோம்.

புறப்படும் வேளையில், திரு இருதய ஆண்டவர் படத்தின் கீழ்ச் சுருட்டிக் கிடந்த கோரைப்பாயைப் பேரன் எடுத்து விரித்தான். மாலைதோறும் முதியவர் அதன்மேல் முழந்தாளிட்டுத்தான் குடும்பச் செபமாலையை நடத்திவந்தார். முழந்தாள் பட்ட இரண்டிடத்திலும் கோரை நைந்து தரை தெரிந்தது.

"தாத்தா பாய் யாருக்கு?" என்றான் சிறுவன்.

பெரியவர்கள் நகைத்தனர். முதியவர் படுக்கையில் விழுந்த நாளிலிருந்தே அவ்வீட்டில் செபமாலை நின்றுபோயிற்று என்பதை அப்பொழுதுதான் அறிந்தோம். தோப்புக்கு எல்லை வகுத்துக் கொடுத்த நாம், செபத்துக்கு வாரிசு யார் எனக் கேட்கத் தவறினோம். குற்றம் அவர்களுடையது மட்டும் அன்று, மேய்ப்பராகிய நம்முடையதும்தான். பின்னர் விளக்குகள் வந்தன. 'உபயம்' என்று பெயர் எழுதிய இடத்தில் மட்டும் ஒளி மறைந்தது!

அந்தப் பாயை நினைக்கும்போதெல்லாம் ஆரல்வாய்மொழிக்கு அருகிலுள்ள காற்றாடிமலை நம் நினைவுக்கு வருகிறது. புனித தேவசகாயம் 1752 சனவரி 14 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட இடம் அது. அவர் குருவும் அல்லர், துறவியும் அல்லர். உங்களைப் போன்று இல்லறத்தில் வாழ்ந்தவர். நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, திருவிதாங்கூர் அரசில் அலுவல் பார்த்தவர். டச்சுப் படைத்தலைவர் டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அதன்பின் அவர் வாழ்ந்தது ஏழாண்டுகள்கூட இல்லை. அவற்றிலும் ஏறத்தாழ மூன்றாண்டுகள் விலங்கும் சிறையும் சித்திரவதையுமாகக் கழிந்தன. பதவி போயிற்று, பெருமை போயிற்று. ஆயினும் 270 ஆண்டுகளுக்குப் பின், 2022 மே 15 அன்று, திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. இந்தியப் பொதுநிலையினருள் முதற்புனிதர் அவரே.

இத்தனை தலைமுறைகளாக அவர் நினைவைக் காத்தவை எவை? கோட்டாற்றுப் பேராலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. காற்றாடிமலையில் அவர் முழந்தாளிட்ட தடம் என்று மக்கள் வழிவழியாகக் காட்டிவரும் பாறை இருக்கிறது. அவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கதை சொன்ன பெற்றோர் இருந்தனர். சொல்லும் வாய் ஓய்ந்திருந்தால் பாறை வெறும் பாறையாகவே நின்றிருக்கும்.

திமொத்தேயுவின் விசுவாசத்தைப் புகழும் புனித பவுல், அது முதலில் பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் குடிகொண்டிருந்ததை நினைவூட்டுகிறார். விசுவாசத்தை உயிலில் எழுதி வைக்க இயலாது. நாம் கண்மூடியபின் வழக்கறிஞர் அதைப் பிரித்துக் கொடுக்கவும் இயலாது. உயிரோடு இருக்கும்போதே, பிள்ளைகளின் கண்ணெதிரே, முழந்தாளிட்டு அளிக்க வேண்டிய சொத்து அது. ஞாயிறு திருப்பலிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தாம் வீட்டில் தங்கிவிடும் தந்தை, தம் மக்களுக்கு எதை எழுதி வைக்கிறார் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

அன்று அந்தப் பாயை எறியச் சிறுவன் விடவில்லை. அவனுடைய தந்தையாகிய இளைய புதல்வர் அதைத் தம் வீட்டிற்கு எடுத்துச் சென்றார். அது அங்கே விரிக்கப்படுகிறதா, பரண்மேல் கிடக்கிறதா என்று நாம் இதுவரை கேட்கவில்லை. இம்மாதம் வீடுகளைச் சந்திக்க வரும்போது கேட்போம். உங்கள் இல்லத்திலும் கேட்போம். அதற்காகக் காத்திராமல், இன்றிரவே உணவுக்குமுன் பிள்ளைகளை அழைத்து ஒரு பத்துமணியாவது சேர்ந்து சொல்லத் தொடங்குங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.