தலைக்கு மேலே இருக்கும் முதலையும் கணக்கில் எடுப்போம்



ஆண்டுக்கு ஒருமுறை நாம் எல்லோரும் இருப்புக் கணக்கு எடுக்கிறோம். அரிசி எத்தனை மூட்டை, பருப்பு எத்தனை மூட்டை, தேங்காய் எண்ணெய் எத்தனை டின் என்று ஒன்று விடாமல் எண்ணுகிறோம். அந்தச் சரக்குக்கு மேலே இருக்கும் கான்கிரீட் தளத்தை மட்டும் அண்ணாந்து பார்ப்பதில்லை. மிளகாய் வற்றல் மூட்டை மேல் காரை பெயர்ந்து விழும் அன்றுதான் பார்க்கிறோம். உடனே கொத்தனாரைக் கூப்பிட்டு, விழுந்த இடத்தில் சிமெண்ட் பூசி, வெள்ளையடித்துவிட்டு வியாபாரத்தைக் கவனிக்கப் போய்விடுகிறோம். இரண்டு மழை கழிந்தால் அதே இடம் முன்னைவிடப் பெரிதாகப் பெயர்கிறது.

இதில் பணச்செலவு ஒருபுறம் இருக்கட்டும். கடைக்குச் சொந்தக்காரருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் வரும் மனக்கசப்பே நமக்குப் பெரிய கவலை. இருவருமே வணிகர்கள், நாளும் முகம் பார்ப்பவர்கள். “உங்கள் உப்பு மூட்டைதான் கட்டடத்தைத் தின்றுவிட்டது” என்கிறார் ஒருவர். “கட்டும்போதே சரியாகக் கட்டவில்லை” என்கிறார் மற்றவர். இரண்டிலும் உண்மை உண்டு என்பதே நம் கருத்து.

குளிர் நாடுகளில் வீட்டு வாசலிலும் நடைபாதையிலும் போட்ட கான்கிரீட் மேல்தோல் உரிந்து போகும். அதன் நுண்துளைகளில் புகுந்த நீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு பருத்து உள்ளிருந்தே வெடிக்கச் செய்கிறது. பனியைக் கரைக்க அவர்கள் தூவும் உப்பு இந்தக் கேட்டை இன்னும் கூட்டுகிறது. நமக்குப் பனி இல்லை. ஆனால் உப்பு இருக்கிறது, ஈரம் இருக்கிறது. உறைபனி அங்கே செய்யும் வேலையை இங்கே துரு செய்கிறது. கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பிக்கு ஒரு காப்பு. உப்பு போதிய அளவு உள்ளே இறங்கிவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். பிறகு கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இடம் இல்லாதபோது கான்கிரீட்டைப் பிளந்து வெளியே வரும். ஆகவே நம் கடையில் உதிர்வது பூச்சுதான் என்று எண்ணிவிடக் கூடாது. நோய் உள்ளே கம்பியில் இருக்கிறது.

நம் மாவட்டத்துக்குச் சுமார் 70 கிலோமீட்டர் கடற்கரை. தென்மேற்குப் பருவமழை ஒன்று, வடகிழக்குப் பருவமழை ஒன்று என்று இரண்டு மழை. நனைவதும் காய்வதுமாக மாறி மாறி நடப்பதே உப்பு உள்ளே இறங்க நல்ல வழி. குளச்சலிலும் மணவாளக்குறிச்சியிலும் கடை வைத்திருப்பவர்களுக்கு இதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஷட்டர் படும் பாட்டைப் பார்த்தே அவர்கள் அறிவார்கள்.

தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைத் தரை இன்றும் கண்ணாடிபோல் மின்னுகிறதே, இன்றைய கான்கிரீட் ஏன் கெடுகிறது என்று சிலர் கேட்பதுண்டு. அந்தத் தரையில் சுண்ணாம்பும் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சேர்ந்தன என்று சொல்வார்கள். எது சேர்ந்திருந்தாலும் கம்பி சேரவில்லை. துருப்பிடிக்க இரும்பு இல்லாத தரையோடு நம் மாடித் தளத்தை ஒப்பிடுவது நியாயமாகாது.

சரியான ஒப்புமை வளைகுடா நாடுகள்தான். நம் பிள்ளைகள் பலர் அங்கே உழைத்த பணம்தான் இங்கே கட்டடமாக நிற்கிறது. 1970களில் அங்கே அவசர அவசரமாக எழுப்பிய கான்கிரீட் கட்டடங்கள் பல, உப்புக் கலந்த மணலாலும் ஜல்லியாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளிலேயே வெடித்தன. அந்தப் பாடத்தை அவர்கள் பெரும் பணம் கொடுத்துப் படித்தார்கள். நாம் கொடுக்க வேண்டியதில்லை.

2000ஆம் ஆண்டில் வந்த ஐ.எஸ். 456 விதித்தொகுப்பு, கடலோரக் காற்று நேரே படும் கட்டடத்துக்கு எம்30 தரக் கான்கிரீட்டும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் கேட்கிறது. நம் ஊரில் சன்ஷேடு வார்க்கும்போது கம்பிக்கு அடியில் ஒரு ஜல்லித் துண்டை வைத்துச் சமாளிப்பதை யார் பார்த்ததில்லை? ஒரு கவர் பிளாக் என்ன விலை, ஒரு மூட்டைப் பருப்பு என்ன விலை? கழுவாத கடல் மணலைக் கலப்பதும், கடல் நீரையோ உப்புக் கிணற்று நீரையோ ஊற்றுவதும் கூடவே கூடாது. ஃபிளை ஆஷ் கலந்த சிமெண்ட் உப்பைத் தடுப்பதில் நல்லதுதான். ஆனால் அதற்குப் பத்து நாளாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டு மூன்றாம் நாளே தளத்தைக் காயவிடுகிறவர்கள் நம்மில் உண்டு.

இனி வாடகைக்கு இருப்பவர் பக்கம். உப்பு மூட்டையையும் கருவாட்டையும் வெறும் தரையில் அடுக்குவது சிக்கனமல்ல. மாடிக் குடோனில் கசியும் உப்பு நீர் அடித்தளத்துக் கூரைக்குள்தான் இறங்குகிறது. தூணோரம் வைத்தால் தூண் அடியில் முதலில் உப்புப் பூக்கும், பிறகு வெடிக்கும். புளியின் அமிலமும், சிந்திக் கிடக்கும் எண்ணெயும்கூட நாளடைவில் சிமெண்ட் தரையை அரிக்கும். மரச்சட்டம் போட்டு, அதன் கீழ் கெட்டிப் பிளாஸ்டிக் தாள் விரித்து, சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி அடுக்கினால் சரக்கும் ஈரம் பிடிக்காது.

செலவு யாருடையது? 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் சட்டத்தின் அட்டவணைப்படி, கட்டட அமைப்பைச் சார்ந்த பழுது உரிமையாளர் பொறுப்பு. வாடகைதாரர் விளைவித்த சேதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கில்தான் வழக்கே பிறக்கிறது. ஆகவே ஒப்பந்தம் எழுதும் நாளன்றே தளம், தூண், உத்தரம் எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து பார்த்து, விரிசல் இருக்கும் இடத்தைப் படம் எடுத்து, ஒப்பந்தத்தோடு இணைத்துவிட வேண்டும் என்கிறோம். என்ன சரக்கு எங்கே வைக்கப்படும் என்று ஒரு வரியும் சேர்க்கலாம். முன்பணத்தைப் பற்றி அரைநாள் பேசுகிறவர்கள் இதற்கு அரைமணி நேரம் ஒதுக்கக் கூடாதா?

ஏற்கெனவே உதிரும் தளத்துக்கு மேல்பூச்சு மருந்தல்ல. கெட்ட கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, இளைத்த கம்பிக்குத் துணைக் கம்பி கட்டி, துருத்தடுப்புப் பூசி, பாலிமர் கலந்த காரையால் அடைக்க வேண்டும். முட்டுக் கொடுக்காமல் கொத்தக் கூடாது. பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகு செய்வதே முறை. அதற்கு முன்னால் நாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சாரல் தொடங்குவதற்கு முன்பு, கடை அடைத்த ஒரு நாளில், மூட்டைகளை ஒதுக்கிவிட்டு, ஏணி போட்டுச் சிறு சுத்தியலால் தளத்தின் அடிப்புறத்தைத் தட்டிப் பாருங்கள். பொக்கென்று ஒலிக்கும் இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டு, அதன் கீழ் ஆளும் சரக்கும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.