பொம்மைக்குக் காசா, விளையாட்டுக்குக் காசா?

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்ததும் பிள்ளைகள் முதலில் கேட்பது கேம்ஸ்தான். அதே கேம்ஸ் அட்டை, பகடை, சின்னச் சின்ன பிளாஸ்டிக் பொம்மைகளுடன் போர்டு கேமாகவும் விற்கின்றன. வாங்கலாமா? என் கருத்தைச் சொல்கிறேன்.

இது புதிய யோசனை அல்ல. 1980-ல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட பேக்மேன், 1982-லேயே மில்டன் பிராட்லி மூலம் போர்டு கேமாக வந்துவிட்டது. பேக்மேன் பொம்மையை நகர்த்தினால் வழியில் உள்ள கோலிக்குண்டுகளை விழுங்கும். 1993-ல் வந்த டூம், 2004-ல் அரக்கர் பொம்மைகளோடு மேசைக்கு வந்தது. ஒருவர் அரக்கர்களை நகர்த்த, மற்றவர்கள் வீரர்களாகச் சேர்ந்து ஆட வேண்டும்.

கம்ப்யூட்டரில் யாருக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்ற கணக்கை புரோகிராம் பார்த்துக்கொள்ளும். மேசையில் நாம்தான் பார்க்க வேண்டும். 2007-ல் ஹாலோ கேமை வைத்து விஸ்கிட்ஸ் நிறுவனம் வெளியிட்ட பொம்மைகளின் அடியில் ஒரு சக்கரம் இருந்தது. அடிபடும்போதெல்லாம் அதைத் திருப்பினால் அடுத்த எண்கள் தெரியும். அந்தப் பொம்மைக்கு அதுதான் மெமரி! புரோகிராம் எழுதுபவன் என்ற முறையில் இதை ரசிக்கிறேன்.

ஆனால் இத்தகைய பொம்மைகள் பலவும் மூடிய பாக்கெட்டில்தான் வரும். உள்ளே எது இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். வேண்டியது கிடைக்கும்வரை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆன்லைன் கேம்களில் காசு கட்டித் திறக்கும் 'லூட் பாக்ஸ்' தந்திரமும் இதுவேதான்.

சென்ற விடுமுறையில் வலையபட்டிக்கு வந்த அக்கா மகனுக்கு இப்படி மூன்று பாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். இரண்டில் ஒரே பொம்மை. பையன் அழுதுவிட்டான். அப்பத்தா ஒன்றும் சொல்லாமல் சாக்பீஸ் எடுத்துத் திண்ணையில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் போட்டார். மூன்று பொம்மைகளும் புலிகள். 15 புளியங்கொட்டைகள் ஆடுகள். புலி தாண்டி ஆட்டை வெட்டும்; ஆடுகள் சேர்ந்து புலியை அடைக்கும். இருட்டும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை. அவன் கம்ப்யூட்டரில் ஆடும்போது பின்னால் நின்று வேடிக்கை மட்டும் பார்த்த அப்பத்தா, அன்று அவன் எதிரில் உட்கார்ந்தார்.

போர்டு கேமின் பலன் அதுதான். அதற்காகத் தாராளமாக வாங்குங்கள். ஆனால் எத்தனை பேர் ஆடலாம், எல்லாக் காய்களும் பெட்டியிலேயே உள்ளனவா என்று முதலில் பாருங்கள். மூடிய பாக்கெட்டுகளை மட்டும் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.