அட்ஜஸ்ட் ஆயிடும் மேடம்!

தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ பேங்க் கவுண்டர் கதைன்னு நினைச்சு வந்தவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன். இது பிரா பத்தின பதிவு. ஆமாம், அதேதான். "ஐயே, இதையெல்லாமா எழுதறது"ன்னு முகம் சுளிக்கிற அக்காமார் கடைசி வரைக்கும் படிங்க, உங்களுக்காகத்தான் முக்கியமா எழுதறேன். ஆண்களும் ஓடிடாதீங்க. உங்க வீட்டுலயும் அம்மா இருக்காங்க, மகள் இருக்கா.

போன மாசம் நாலாவது சனிக்கிழமை, பேங்க் லீவு. ரங்கமணிக்கு ஆபீஸ் ஷூ, ஒன்பதாவது படிக்கிற பொண்ணுக்கு உள்ளாடை வாங்கணும்னு நாக்பூர் சீதாபர்டி கடைத்தெருவுக்குப் போனோம். ஷூ கடையில ரங்கமணிக்கு ராஜ மரியாதை. உட்கார வச்சு, கால் அளவு எடுத்து, நாலு ஜோடி போட்டுப் பார்த்து, கண்ணாடி முன்னாடி நாலு நடை நடந்து, "இடது கட்டைவிரல் லேசா இடிக்குது"ன்னு சொன்னதும் அரை சைஸ் பெருசா கொண்டு வந்து கொடுத்தாங்க. முக்கால் மணி நேரம். யாரும் அவரை அவசரப்படுத்தலை.

அடுத்தது நாலு கடை தள்ளி உள்ளாடைக் கடை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு பையன். இந்தப் பக்கம் பத்து பேர். "சைஸ்?"னு சத்தமா கேட்டான். பொண்ணு என் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா. அளவு தெரியலைன்னு சொன்னேன். எட்டிப் பார்த்து ஒரே ஒரு பார்வை. "32 சல் ஜாயேகா." போட்டுப் பார்க்கலாமா? நஹீன் மேடம். பத்தலைன்னா மாத்தித் தருவீங்களா? அதுவும் நஹீன். சரி, எப்படிப்பா வாங்கறது? அப்பத்தான் வந்துச்சு அந்தப் பொன்மொழி: "அட்ஜஸ்ட் ஹோ ஜாயேகா மேடம்."

மூணு நிமிஷத்துல வியாபாரம் முடிஞ்சுது. பழைய நியூஸ்பேப்பர்ல சுத்தி, என்னமோ கடத்தல் சாமான் மாதிரி கொடுத்தான். வீட்டுல போட்டுப் பார்த்தா, கண்டிப்பா அட்ஜஸ்ட் ஆகலை. சாமானா அட்ஜஸ்ட் ஆகும்? நாமதானே ஆகணும்!

அந்தப் பையனை நான் குத்தம் சொல்லலை. பத்து மணி நேரம் நின்னுக்கிட்டு வேலை பார்க்கிறவன், அவனுக்கும் சங்கடம்தான். அந்தக் கடை முதலாளி மேல எனக்குக் கோபம். அதை விடப் பெரிய கோபம் நம்ம மேலயே.

நம்ம மேல ஏன்? யோசிச்சுப் பாருங்க. மேல போடற ரவிக்கைக்கு நாம படுத்தற பாடு என்ன! டெய்லர் ஏழெட்டு அளவு எடுப்பார். அது போதாதுன்னு அளவு ரவிக்கை வேற கொடுப்போம். கை கால் இஞ்ச் பெருசா இருந்தா திருப்பிக் கொடுத்து, பிரிச்சு, மறுபடி தைக்க வச்சு வாங்குவோம். கல்யாணத்துக்கு முதல் நாள் டெய்லர் வாசல்ல போர்க்கொடி தூக்காத தமிழச்சி உண்டா? அப்படிப்பட்ட நாம, அதுக்கு உள்ள, உடம்போட ஒட்டி, ஒரு நாளைக்கு பதினாலு மணி நேரம் போடற சாமானைக் குத்துமதிப்பா, கண்ணை மூடிக்கிட்டு வாங்கறோம்.

இப்ப என் சொந்தக் கதை. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். நாகர்கோவில்ல காலேஜ் படிக்கும்போது அம்மா வாங்கிக் கொடுத்தது 34. அதுக்கு அப்ப 'பாடி'ன்னுதான் பேர். வீட்டுல சத்தமா சொன்னா, "மெதுவா பேசு மக்களே, ஆம்பளையாளுவ இருக்காவ"ன்னு அம்மா அதட்டுவா. கொடியில துண்டுக்கு அடியில காயப்போடணும். வெயில் படாம, நாத்தம் போகாம, ஈரத்தோட அதையே போட்டுக்கிட்டு காலேஜுக்கு ஓடுவோம். பி.காம். மூணு வருஷமும் அப்படித்தான்.

அப்புறம் பேங்க் வேலை, கல்யாணம், கோயம்புத்தூர், போபால், இப்ப நாக்பூர். ஒவ்வொரு டிரான்ஸ்ஃபருக்கும் தெரிஞ்ச கடை போயிடும். என்ன செய்வோம் நாம? லீவுக்கு ஊருக்குப் போகும்போது குழம்புப் பொடி, அப்பளம், வடகத்தோட அரை டஜன் பிராவும் வாங்கிப் பெட்டியில அடுக்கிட்டு வந்துடுவோம். வெளியூர்ல இருக்கிற முக்கால்வாசிப் பேர் இதைச் செய்யறீங்க, தலையை ஆட்டாதீங்க :-) பொடி அதே பொடிதான். ஆனா உடம்பு அதே உடம்பா? பிள்ளை பெத்தாச்சு, பால் கொடுத்தாச்சு, எட்டு கிலோ ஏறியாச்சு. இறுக்குதுன்னு சொன்னேன், 36 கொடுத்தாங்க. அப்புறம் 38. நாகர்கோவில், போபால், எந்தக் கடையிலயும் ஒருத்தர்கூட அந்த நம்பருக்குப் பக்கத்துல இருக்கிற எழுத்தைப் பத்திப் பேசலை. கடையில இருந்தது பி மட்டும்தான். அதனால நானும் பி.

நாப்பது வயசுல கழுத்து வலி, தோள்பட்டை வலி. கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ற வேலைதானேன்னு எலும்பு டாக்டர்கிட்ட போனேன். எக்ஸ்ரே, மாத்திரை, தலையணையை மாத்து, நாற்காலியை மாத்து. எல்லாம் செஞ்சேன். கடைசியா பிசியோதெரபி கொடுத்த பொண்ணு, என் தோள்ல பட்டை பதிஞ்சு பள்ளமா இருந்ததைத் தடவிப் பார்த்துட்டு, "தீதி, உங்க பிரா சைஸ் என்ன?"ன்னு கேட்டா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவளே இஞ்ச் டேப் எடுத்து அளந்தா. நான் போட்டுக்கிட்டிருந்த அதே கம்பெனி அட்டவணைப்படி என் அளவு 36 டி. சுத்தளவு ஒரு சைஸ் பெருசு, கிண்ணம் சின்னது. பின்பட்டி தளர்ந்து முதுகுல மேல ஏறும், அதைச் சரிக்கட்ட நான் தோள்பட்டையை இறுக்குவேன், முழு பாரமும் தோள்ல. கணக்கு டேலி ஆகலைன்னா வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போட்டு வைப்போம்ல, அது மாதிரி பதினஞ்சு வருஷமா என் தோள்தான் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்!

எல்லாக் கழுத்து வலிக்கும் இதுதான் காரணம்னு நான் சொல்ல வரலை. டாக்டரை விட்டுடாதீங்க. ஆனா எனக்கு பாதி வலி, சரியான அளவு போட்டதும் ரெண்டு மாசத்துல போயிடுச்சு.

விஷயம் ரொம்பச் சின்னது. இந்த அளவு ஜாயிண்ட் அக்கவுண்ட் செக் மாதிரி, ரெண்டு கையெழுத்து வேணும். ஒண்ணு நம்பர், மார்புக்குக் கீழ விலா எலும்பைச் சுத்தி எடுக்கிற அளவை வச்சு வர்றது. ரெண்டாவது எழுத்து. மார்பின் முழுச் சுத்தளவுக்கும் அந்த நம்பருக்கும் உள்ள வித்தியாசம். 1 இஞ்ச்னா ஏ, 2 பி, 3 சி, 4 டி, இப்படிப் போகும். டின்னா ஏதோ பெரிய்ய்யன்னு நினைக்காதீங்க, 32 டியும் 38 டியும் ஒண்ணே இல்லை. இதுல ஒரு வில்லங்கம், சில கம்பெனிகள் கீழ் அளவை அப்படியே எடுத்துக்கும், சிலது 4, 5 இஞ்ச் கூட்டிக்கும். அதனால ஒரு கம்பெனியில 34ன்னா எல்லாத்துலயும் 34 கிடையாது. அளவை எழுதி வச்சுக்கிட்டு அந்தந்த கம்பெனி அட்டவணையைப் பாருங்க.

போட்டப்புறம் கண்ணாடியில பாருங்க. பின்பட்டி முன்பக்கம் இருக்கிற அதே மட்டத்துல நேரா இருக்கணும். நடுப்பகுதி நெஞ்செலும்புல படிஞ்சிருக்கணும். மேலயோ கை ஓரமாவோ பிதுங்கக் கூடாது. தோள்ல ரெண்டு விரல் நுழையணும். புதுசு வாங்கும்போது கடைசிக் கொக்கியில சரியா இருக்கணும், எலாஸ்டிக் தளரத் தளர உள்கொக்கிக்கு வரலாம். அவ்வளவுதான். ஈ.எம்.ஐ. கணக்கை விட சுலபம்.

எழுத்துல அளவு சொல்ற வழக்கம் அமெரிக்காவுல 1930-கள்லயே வந்தாச்சு. ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் ஆச்சு, நம்ம ஊர்க் கடைகளுக்கு இன்னும் பியைத் தாண்டத் தெரியலை. இந்திய உடம்புக்குன்னு ஒரு அளவுமுறை வேணும்னு ஜவுளித்துறை அமைச்சகமும் நிஃப்ட் நிறுவனமும் சேர்ந்து இந்தியாசைஸ்னு ஒரு கணக்கெடுப்பை 2018-ல் அறிவிச்சாங்க. ஆறு நகரம், 25,000 பேர். நல்ல விஷயம். ஆனா அட்டவணை கையில வந்தாலும், வாயைத் திறந்து அளவு சொல்ல வெட்கப்பட்டா அது நமக்கு எதுக்கு?

2013-ல் மும்பை மாநகராட்சியில கடை வாசல்ல உள்ளாடை மாட்டின பொம்மை வைக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டாங்க, ஞாபகம் இருக்கா? பெண்கள் பாதுகாப்புக்காம்! கடைக்குள்ள போட்டுப் பார்க்க ஒரு திரை போட்ட அறை வேணும்னு எந்த மாநகராட்சி தீர்மானம் போட்டுது? பொம்மைக்கு இருக்கிற கவலை உயிரோட இருக்கிறவளுக்கு இல்லை.

"எங்க ஆச்சி இதெல்லாம் போட்டா வாழ்ந்தா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. வேண்டாம்னா போடாதீங்க, நான் ஒண்ணும் கம்பெனி ஏஜெண்ட் இல்லை. ஆனா போடறதுன்னா அது உடம்புக்குப் பொருந்தணும். அப்புறம் ஆச்சின்னு சொன்னதும் ஒண்ணு சொல்லணும். எங்க ஊர் அன்னிக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்க நாடார் பெண்கள் மேலாடை போடற உரிமைக்காக அடிபட்டு, துணி கிழிபட்டு, பல வருஷம் போராடி, 1859-ல் தான் ராஜா பிரகடனம் போட்டார். தோள்சீலைப் போராட்டம்னு புத்தகத்துல இருக்கு. துணிக்காகத் தெருவுல நின்ன பெண்கள் வாழ்ந்த மண்ணுல பிறந்துட்டு, கடையில நின்னு "எனக்கு 36 டி"ன்னு சொல்ல எனக்கு நாப்பது வயசாச்சு!

"காசு அதிகம்"னு சொல்றீங்களா? கணக்கு போடுவோம். 150 ரூபாய்க்கு வாங்கி மூணு மாசத்துல தூக்கிப் போடறது நாலு, மொத்தம் 600. பொருந்தறது ஒண்ணு 600, மாத்தி மாத்திப் போட்டா ஒரு வருஷம் வரும். செலவு அதேதான். வலி மட்டும் மிச்சம்.

இன்னொண்ணு. வாட்ஸப்புல கறுப்பு பிரா போட்டா கேன்சர், கம்பி வச்சது போட்டா கேன்சர்னு ஃபார்வர்ட் அனுப்பறாங்களே, தயவுசெஞ்சு நிறுத்துங்க. 2014-ல் அமெரிக்காவுல சியாட்டில்ல இதையே ஆராய்ஞ்சு, பிராவுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் சம்பந்தம் தெரியலைன்னு சொல்லிட்டாங்க. நம்ம நாட்டுல பெண்களுக்கு அதிகமா வர்ற புற்றுநோய் அதுதான். ஆனா ஆபத்து துணியில இல்லை, வாயைத் திறக்காத பழக்கத்துல இருக்கு. பிரா சைஸையே சொல்ல வெட்கப்படறவ, கட்டி தட்டுப்பட்டா யார்கிட்ட போய்ச் சொல்லுவா?

இப்ப என் பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். அஞ்சு வருஷமா பாட்மிண்டன் ஆடினவ, நாலு மாசமா போகலை. படிப்பு அதிகம்னு சொன்னா. நானும் சமர்த்துப் பொண்ணுன்னு பெருமைப்பட்டேன். அன்னிக்கு ராத்திரி அந்த 32-ஐக் கழட்டி வீசிட்டு அழுதுக்கிட்டே சொன்னா: "குதிச்சா வலிக்குதும்மா. எல்லாரும் பார்க்கற மாதிரி இருக்கு. அதான் போகலை."

நாலு மாசம். ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை. என்கிட்ட சொல்ல முடியலை அவளால. ஏன்னா நானும் துண்டுக்கு அடியில காயப்போடற அம்மாதான். வேற எதைக் கத்துக் கொடுத்தேன் அவளுக்கு? 2016-ல் இங்கிலாந்துல போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகம் ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிக்கூடப் பெண்களைக் கேட்டப்ப, 46 சதவீதம் பேர் மார்பகத்தால விளையாட்டுல தடங்கல் இருக்குன்னு சொல்லியிருக்காங்க. அங்கேயே அப்படின்னா இங்க?

அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டுலயே அளந்தோம். போட்டுப் பார்க்க அறை இருக்கிற கடையாத் தேடிப் போனோம். அளவெடுக்கத் தெரிஞ்ச ஒரு பெண் இருந்தாங்க. விளையாடறதுக்குன்னு தனியா ரெண்டு வாங்கினோம். போட்டுக்கிட்டு அந்த அறைக்குள்ளயே தம் தம்னு குதிச்சுப் பார்த்தா. வெளியில எனக்குச் சத்தம் கேட்டுச்சு. இப்ப திங்கள்கிழமையில இருந்து கோர்ட்டுக்குப் போறா.

கடைக்காரங்களுக்கு நான் கேட்கிறது மூணே மூணு: அளவெடுக்கத் தெரிஞ்ச ஒரு பெண், திரை போட்ட ஒரு அறை, பி தாண்டி நாலு எழுத்து. சுத்தம் கெடும்னா மெல்லிய பனியன் மேல போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. இல்லாத கடையில ஏன் இல்லைன்னு கேட்டுட்டு, வாங்காம வெளிய வாங்க. நாம எல்லாரும் வாங்கிக்கிட்டே இருந்தா அவங்க ஏன் மாத்தணும்?

அம்மாமாருக்குக் கேட்கிறது ஒண்ணு. இஞ்ச் டேப் தையல் பெட்டியில இருக்கும், இன்னிக்கே எடுங்க.

தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப என் பொண்ணு அவ ஆச்சியை உட்கார வச்சு அளந்தா. "எழுபது வயசுல எனக்கு எதுக்குட்டி இதெல்லாம்"னு அம்மா சிணுங்கிக்கிட்டே கையைத் தூக்கினா. மறுநாள் காலையில மொட்டை மாடியில பார்த்தேன். புதுசு ரெண்டும் வெயில்ல காயுது. மேல துண்டு இல்லை.

டிஸ்கி: ரங்கமணியோட புது ஷூ இப்பவும் இடது கட்டைவிரல்ல இடிக்குதாம். "அட்ஜஸ்ட் ஆயிடும்"னு சொல்லிட்டேன் :-)