லீவு வேறு, லே-ஆஃப் வேறு!



எங்கள் ஊர் திருப்பூரில் ஆர்டர் குறைந்தால், பேப்பரில் வருவதற்கு முன்னாடியே மளிகைக் கடை கடன் நோட்டில் தெரிந்துவிடும். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகள் பலவற்றுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் அப்படித்தான். பக்கத்து வீட்டு அக்கா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். "ஆர்டர் இல்லைம்மா, லீவு எடுத்துக்குங்க, போன் பண்றோம்" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் சனிக்கிழமைச் சம்பளம் இல்லை. அவரும் "கம்பெனியே லீவு விட்டா நாம என்ன கேட்கிறது?" என்று இருந்துவிட்டார்.

சகோதரிகளே, இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். லீவு என்பது நாமாகக் கேட்பது. நாம் வேலைக்குத் தயாராக இருந்தும், சரக்குத் தேக்கம், மூலப்பொருள் தட்டுப்பாடு, கரண்ட் இல்லை, மெஷின் பழுது போன்ற காரணங்களால் முதலாளியால் வேலை கொடுக்க முடியவில்லை என்றால், அதற்குச் சட்டத்தில் பெயர் 'லே-ஆஃப்'. அதற்குப் பணம் உண்டு.

1947-ஆம் வருடத்துத் தொழில் தகராறு சட்டத்திலேயே இது இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தொழிற்சாலையில், வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்து ஒரு வருஷ சர்வீஸ் (அதாவது 12 மாதத்தில் 240 நாள் வேலை) முடித்தவருக்கு, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி தர வேண்டும். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், அந்த இரண்டும் சேர்ந்து நாளுக்கு 400 ரூபாய் என்றால், லே-ஆஃப் நாளுக்கு 200 ரூபாய். வாரவிடுமுறை நாளுக்கு மட்டும் கிடையாது. முழுச் சம்பளம் இல்லைதான். ஆனால் அரிசியும் பாலும் வாங்க அது போதுமே! வருஷத்தில் 45 நாளுக்கு மேல் போனால், ஏற்கெனவே ஒப்பந்தம் இருந்தால் பணத்தை நிறுத்தலாம். அல்லது நஷ்டஈடு கொடுத்து ஆட்குறைப்பு செய்யலாம்.

பணத்தோடு விஷயம் முடியவில்லை. லே-ஆஃப் நாட்கள் சர்வீஸ் கணக்கில் சேரும். இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் பிரசவ கால உதவி பெற, முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். அந்த 80-லும் லே-ஆஃப் நாட்களைச் சேர்க்கலாம். 'சம்பளமில்லா லீவு' என்று எழுதிவிட்டால் இதெல்லாம் போய்விடும். அதனால் கேட்காத லீவுக்கு யாரும் லீவு லெட்டர் எழுதிக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. லே-ஆஃப் என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. தினமும் ஒரு தடவை, வேலை நேரத்தில், கம்பெனிக்குப் போய் வருகையைக் காட்ட வேண்டும். போகாவிட்டால் அந்த நாளுக்குப் பணம் கிடையாது. ஷிப்ட் ஆரம்பத்தில் போய் இரண்டு மணி நேரத்துக்குள் வேலை தராவிட்டால் அன்று லே-ஆஃப் ஆனதாக அர்த்தம். பக்கத்திலேயே அதே முதலாளி, அதே சம்பளத்தில் நமக்குத் தெரிந்த மாற்று வேலை கொடுத்தும் மறுத்தால், அப்போதும் பணம் வராது. தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். லேபர் ஆபீஸுக்குப் போனால் அந்த நோட்டுதான் நமக்காகப் பேசும்.

சட்டத்தில் எனக்கு மனக்குறையும் உண்டு. 50 பேருக்குக் கீழே உள்ள இடத்துக்கு இது பொருந்தாது. எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிற ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் முப்பது பேர், நாற்பது பேர்தான். காண்டிராக்டர் கூட்டி வந்தவர் பெயர் கம்பெனிப் பதிவேட்டிலேயே இருக்காது. பெரிய ஆலைகளிலும், லே-ஆஃப் செய்ய அரசு அனுமதி வேண்டும் என்ற விதி முன்பு 100 பேர் இருந்தாலே உண்டு; இப்போது 300 பேர் இருந்தால்தான். ஆர்டர் நின்றால் முதலாளிக்கும் கஷ்டம் என்பதை மறுக்கவில்லை. அதற்காகத்தானே சட்டம் பாதிச் சம்பளம் என்று வைத்திருக்கிறது? அந்தப் பாதியும் முப்பது பேர் யூனிட்டில் பிசிறு வெட்டும் பெண்ணுக்கு இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

50 என்ற எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். சின்ன யூனிட்டால் தர முடியாது என்றால், அரசும் முதலாளிகளும் சேர்ந்து ஒரு நிதி வைத்துக் கொடுக்கட்டும். அதுவரை, வேலைக்குப் போகிற பெண்களும், வேலைக்குப் போகும் கணவர், பிள்ளைகள் இருக்கிற வீட்டுப் பெண்களும் ஒன்று செய்யலாம். சம்பளச் சீட்டு இருக்கிறதா, பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேலை இருக்கும்போது கேட்டால்தான் பதில் வரும்.

- ஒரு வாசகி, திருப்பூர்.