பழைய றேடியோவின் வயதை எங்கே பார்ப்பது?

மஸ்கட்டின் மத்ரா சந்தையிலோ குவைத்தின் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ பழைய சாமான்கள் பக்கம் போனவர்களுக்கு இந்தப் பேச்சுப் பழக்கமாக இருக்கும். மரப்பெட்டி றேடியோ ஒன்றைத் தட்டிக் காட்டி, "யுத்தத்துக்கு முந்தியது" என்பார் கடைக்காரர். எந்த யுத்தம் என்று கேட்டால் சிரிப்பார். விலை மட்டும் 1939க்கு முந்திய பொருளின் விலையாக இருக்கும்.

எங்கள் ஆட்கள் அந்தப் பெட்டியைக் கண்டால் கடந்து போகாமல் நிற்பதற்குக் காரணம் உண்டு. 1950 செப்டெம்பரில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கிய காலத்தில், பாட்டும் செய்தியும் வீட்டுக்குள் வந்தது இப்படியான வால்வு றேடியோவில்தான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒன்றை வாங்க நினைப்பவர்கள், பணத்தை எண்ணுமுன் பின்பக்க அட்டையைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

முதலில் ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அட்டையில் பெரிதாக அடித்திருக்கும் தொடர் இலக்கத்தில் பெரும்பாலும் வருடம் இருக்காது. தொழிற்சாலையிலிருந்து எத்தனையாவது பெட்டியாக வெளிவந்தது என்ற கணக்கு அது. கம்பனியின் பதிவேடு கையில் இல்லாதவருக்கு, ஒரே மொடலில் இரண்டு பெட்டிகள் இருந்தால் எது மூத்தது என்று சொல்ல மட்டுமே உதவும். மொடல் இலக்கம் அப்படியல்ல. 1950களின் நடுப்பகுதியிலிருந்து பிலிப்ஸ் கம்பனி அதற்குள்ளேயே வருடத்தை வைத்தது. 'பி7எக்ஸ்63ஏ' என்றால், பி மேசை றேடியோ, 7 விலைத் தரம், எக்ஸ் நெதர்லாந்துத் தயாரிப்பு. அடுத்து வரும் 6தான் 1956. கடைசி ஏ, ஏ.சி. மின்சாரத்துக்கு உரியது. 'பி2டி33ஏ' ஜேர்மனியில் செய்த 1963ஆம் ஆண்டுப் பெட்டி.

மற்றக் கம்பனிகளின் பெட்டிகளுக்கு வால்வுகளைத்தான் கேட்க வேண்டும். ஐரோப்பிய வால்வின் பெயரில் முதல் எழுத்து அதன் இழைக்குரிய மின்சாரத்தைச் சொல்லும். ஏ என்றால் 4 வோல்ட். இது 1930களின் வழக்கம். ஈ என்றால் 6.3 வோல்ட். டி என்றால் 1.4 வோல்ட், அதாவது பற்றறி றேடியோ. வளைகுடாவில் இந்த டி முக்கியம். பஹ்ரெய்னுக்கு 1931இலேயே மின்சாரம் வந்துவிட்டது. டுபாய் மின்சாரக் கம்பனியோ 1959இல்தான் அமைக்கப்பட்டது. ஆகவே "1940களில் டுபாயில் ஒரு சாதாரண வீட்டில் பாடியது" என்று சொல்லப்படும் பெட்டிக்குள் ஏ.சி. மின்மாற்றியும் ஈ வரிசை வால்வுகளும் இருந்தால், அந்தக் கதையை இன்னொரு தரம் கேளுங்கள்.

வால்வின் பாதத்தையும் பாருங்கள். நடுவில் தடித்த முளையும் சுற்றிலும் எட்டுக் கால்களும் இருந்தால் ஒக்டல். இது 1935இல் வந்தது. அடிக் கண்ணாடியிலிருந்தே நேராக நீட்டும் ஒன்பது மெல்லிய கால்கள் இருந்தால் 1950கள் அல்லது அதற்குப் பின். அதிகம் காணப்படும் 'ஈஎல்84' 1953இல் வந்த வால்வு. அது தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட பெட்டி எப்படி யுத்தத்துக்கு முந்தியதாகும்?

இனிச் சின்ன எழுத்துக்கு வருவோம். பிலிப்ஸ், முல்லார்ட் வால்வுகளின் கண்ணாடியில், அடிப்பக்கமாக, மங்கலாக இரண்டு வரிகள் இருக்கும். விரலால் தேய்க்காதீர்கள், அழிந்துவிடும். வாயால் ஊதி ஈரம் படிய வைத்துச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டாவது வரி 'பி6எச்3' என்றிருந்தால், பி இங்கிலாந்தின் பிளாக்பேர்ன் தொழிற்சாலை, 6 வருடத்தின் கடைசி இலக்கம், எச் ஓகஸ்ட் மாதம் (ஏ ஜனவரி, எல் டிசம்பர்), 3 மூன்றாவது வாரம். முதலில் முக்கோணம் இருந்தால் நெதர்லாந்தின் ஹேர்லன். 1956ஆ 1966ஆ என்ற குழப்பத்தைப் பெட்டியின் மற்றப் பாகங்கள் தீர்த்து வைக்கும்.

வால்வு பழுதாவதும் மாற்றப்படுவதும் வழமை. ஐந்து வால்வுகளில் நான்கு ஒரே வருடத்தின் அடுத்தடுத்த மாதங்களைக் காட்டி, ஐந்தாவது ஏழு வருடம் பிந்தியிருந்தால், அந்த ஒன்று பிறகு போட்டது. கூட்டமாக நிற்கும் திகதிக்குச் சில மாதம் பின்னால்தான் பெட்டி பிறந்திருக்கும். அமெரிக்கப் பெட்டிகளில் ஒலி கூட்டும் திருகியின் முதுகில் '1375623' போன்ற எண்ணைத் தேடுங்கள். 137 திருகியைச் செய்த கம்பனி, 56 வருடம், 23 வாரம். ஜேர்மன் பெட்டியின் முகப்பில் எப்.எம். அலைவரிசை இருந்தால், அது 1949க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. அங்கே அந்த ஒலிபரப்புத் தொடங்கியதே அந்த வருடத்தில்தான்.

பாடிக் காட்டச் சொல்லிக் கடையில் வைத்தே மின்சாரம் கொடுக்க வைக்காதீர்கள். பழைய கடதாசிக் கொண்டென்சர்கள் ஒழுகி, நல்ல வால்வையும் மின்மாற்றியையும் எரித்துவிடும். 110 வோல்ட் பெட்டியை இங்குள்ள 220, 240 வோல்ட்டில் செருகினால் கதை அத்தோடு முடியும். ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும் சிறிய பெட்டிகளின் இரும்புச் சட்டத்தில் மின்சாரம் நேரடியாகவே பாயலாம். பிள்ளைகள் உள்ள வீட்டில் மிகுந்த கவனம் தேவை.

வாங்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கும் ஒரு விசயம். இடம்பெயர்ந்த எங்கள் குடும்பங்கள் பலவற்றில் வீட்டு உறுதியும் இல்லை, றேடியோ உரிமப் பத்திரமும் இல்லை. மிஞ்சியது உறவினரிடம் கிடந்த நான்கைந்து படங்கள். அம்மம்மாவின் கதிரைக்குப் பின்னால் ஒரு றேடியோ தெரிந்தால் படத்தைப் பெருப்பித்து முகப்பைப் பாருங்கள். மொடல் தெரிந்தால், படம் எந்த வருடத்துக்கு முன் எடுத்திருக்க முடியாது என்பது தெரியும். மடியில் இருக்கும் குழந்தை பெரியம்மாவா அம்மாவா என்ற தகராறு அதிலேயே தீரலாம். கந்தோரில் அதை யாரும் அத்தாட்சியாக ஏற்கமாட்டார்கள், குடும்பத்துக்குப் போதும்.

பெட்டியே கையில் இருப்பவர்கள், திருத்தக் கொடுக்குமுன் உள்ளே இருக்கும் எல்லா இலக்கங்களையும் ஒரு கொப்பியில் எழுதி, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் பழைய வால்வுகளையும் கொண்டென்சர்களையும் எறியாமல் ஒரு பையில் போட்டுத் திருப்பித் தரும்படி திருத்துபவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.