இமாமைச் சாய்த்த குண்டுகள்

தென்னாப்பிரிக்காவின் கெபெஹா நகரில் (பழைய போர்ட் எலிசபெத்தான் அது) 2025 பிப்ரவரி 15ஆம் நாள் பட்டப்பகலில் ஒரு கார் வழிமறிக்கப்பட்டது. முகத்தை மூடிய இருவர் இறங்கினர். பின்னிருக்கையில் இருந்தவரைச் சுட்டுத் தள்ளிவிட்டு ஓடினர். மாண்டவர் மந்திரியல்லர், கோடீசுவரரல்லர். தொழுகை நடத்தும் இமாம். பெயர் முஹ்சின் ஹென்ட்ரிக்ஸ்.

யார் இந்த ஹென்ட்ரிக்ஸ்? கேப்டவுனில் 1967இல் பிறந்தவர். ஓர் இமாமின் பேரர். கராச்சி சென்று மார்க்கக் கல்வி கற்றவர். ஊர் வழக்கப்படி மணமுடித்து மக்களையும் பெற்றவர். 1996இல் அந்த மணம் முறிந்தது. தாம் ஆணை விரும்பும் இயல்பினர் என்பதையும், அதற்காக மார்க்கத்தை விடப்போவதில்லை என்பதையும் ஊரறியச் சொன்னார். தம்மைப் போன்றோரை அழைத்து, வீட்டின் கார்க் கொட்டகையில் கம்பளம் விரித்து, தேநீர் கொடுத்துப் பேசவைத்தார். அந்தக் கொட்டகைதான் பின்னாளில் ஓர் அமைப்பாகி, வைன்பெர்க் பகுதியில் பள்ளிவாசலாகவும் எழுந்தது.

லூத் நபியின் வரலாற்றைக் காட்டித்தானே தன்பாலீர்ப்பாளரைப் பழிக்கிறார்கள்? அந்த வரலாறு கண்டிப்பது வன்கொடுமையை, விருந்தாளிமீது பாய்ந்த அக்கிரமத்தை; அன்பை அன்று என்று அவர் வாதாடினார். முஸ்லிம் ஜுடிஷியல் கவுன்சில் என்னும் உலமா சபை இதை ஏற்கவில்லை. தன்பாலுறவு ஹராம் என்று 2022இல் பத்வா வெளியிட்டது. கொலைக்குப் பின்னரோ, கொள்கை வேறுபாட்டை விடாமலே, கொலையைக் கண்டித்தது. நன்று. வாதத்துக்கு வாதம் வைக்கட்டும். அது அவர்கள் வீட்டு வழக்கு. வாதிடுபவன் உயிரோடிருக்க வேண்டும் என்பதோ நம் எல்லோருடைய வழக்கு.

“இத்தனை தொல்லை எதற்கு? மதத்தை விட்டு வெளியேறினால் தீர்ந்தது!” என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். வசதி படைத்தவனுக்கு அது எளிது. அன்றாடம் கூலிக்குப் போகிறவனுக்கு? அவனுக்குக் கைமாற்று தருவது ஜமாஅத்து. பெருநாளில் பக்கத்தில் நிற்பது ஜமாஅத்து. மையத்தைத் தோளில் சுமப்பதும் ஜமாஅத்துதான். வெளியே போ என்றால் தாயையும் தெருவையும் விட்டுப் போ என்றல்லவா பொருள்? ஆகவேதான் ஹென்ட்ரிக்ஸ் உள்ளே நின்று போராடினார். அச்சமூட்டல் வந்தது, மெய்க்காவலர் வேண்டாம் என்றார். சாவச்சத்தைவிட உண்மையாய் வாழும் தேவை தமக்குப் பெரிது என்றார்.

இதைச் சாக்கிட்டு இசுலாமியரையே தூற்றக் கிளம்புவோரும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வோம்: கொல்லப்பட்டவரும் முஸ்லிம்தான், இமாம்தான். அதே நாட்டில் 2008இல் பெண்கள் கால்பந்து வீராங்கனை யூடி சிமெலானே, பெண்ணை விரும்பும் பெண், சீரழிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அங்கே பள்ளிவாசல் எங்கே வந்தது?

கேள்வி அரசை நோக்கியது. தன்பாலீர்ப்பாளருக்கு எதிரான பாகுபாடு கூடாது என்று உலகிலேயே முதலில் அரசியல் சட்டத்தில் எழுதிய நாடு தென்னாப்பிரிக்கா. 2006இல் திருமண உரிமையும் தந்தது. வெறுப்புக் குற்றங்களைத் தண்டிக்கும் சட்டத்தில் ஜனாதிபதி ரமபோசா 2024 மே மாதத்தில் கையெழுத்திட்டார். ஹென்ட்ரிக்ஸ் வீழ்ந்த நாளில் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரவில்லை!

கேப்டவுன் இன்னொரு இமாமையும் பறிகொடுத்த ஊர். நிறவெறியை எதிர்த்த இமாம் அப்துல்லா ஹாரூன், 123 நாள் காவலுக்குப் பின் 1969 செப்டம்பரில் சிறையில் மாண்டார். மாடிப்படியில் விழுந்தார் என்றது போலீசு. சித்திரவதையால் மாண்டார் என்று நீதிமன்றம் சொன்னது 2023இல். இடையே கழிந்தவை 54 ஆண்டுகள். ஹென்ட்ரிக்சைச் சுட்டவன் யார், ஏவியவன் யார் என்பதை அறியவும் அத்தனை ஆண்டுகள் காத்திருக்கச் சொல்லுமா பிரிட்டோரியா?